மாட்டுக் கருவின் சூலகத் துண்டுகளைக் கொண்டு ஃபாலிக்கிள் வளர்ச்சியில் ஹார்மோன்களின் பங்கை ஆராயும் முறை

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஒரு முட்டைச்செல்லும் அதைச் சூழ்ந்த செல்களும் சேர்ந்ததே ஃபாலிக்கிள். பெண் கருவின் சூலகத்தில் 90ஆம் நாளை ஒட்டி, அதன் தொடக்க நிலையான ஆதி ஃபாலிக்கிள்கள் தோன்றுகின்றன. ஆனால் அவற்றில் முதலாவது வளரத் தொடங்கி அடுத்த நிலையான முதனிலை ஃபாலிக்கிளாக மாற 140ஆம் நாள் வரை ஆகிறது. ஏறக்குறைய 50 நாள் நீளும் இந்தக் காத்திருப்பில் சூலகம் தானே சுரக்கும் ஹார்மோன்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால், இத்துறையில் செய்யப்படும் எந்தச் சோதனையும் கருவின் வயதைச் சரியாகக் கணிப்பதில்தான் தொடங்க வேண்டும்.

இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் கருவின் வயதை, அதன் உச்சந்தலை முதல் வாலடி வரையுள்ள நீளத்தைக் கொண்டு கணிக்கலாம். சுமார் 15 செ.மீ. நீளம் 90 நாளையும், 35 செ.மீ. நீளம் 140 நாளையும் குறிக்கும். இரட்டைக் கருக்களில் ஒன்று ஆணாக இருந்தால் பெண் கருவின் சூலகத்தைத் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலும் ஆண் கருவின் ஹார்மோன்கள் அதன் வளர்ச்சியைக் குலைத்திருக்கும். வெவ்வேறு வயதுக் கருக்களின் துண்டுகளை ஒன்றாகக் கலப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இளஞ்சூலகத்தில் தெளிவாகத் தெரிய வேண்டிய விளைவை, முதிர்ந்த சூலகத்தின் துண்டுகள் மறைத்துவிடும்.

சூலகத்தின் வெளிப்பகுதியான புறணியை ஒரு மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக நறுக்கி, சீரம் சேர்க்காத வளர்ப்பூடகத்தில், 38.5 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் உள்ள அடைகாப்பானில் பத்து நாள் வரை வளர்க்கலாம். சீரத்தில் அளவு தெரியாத ஸ்டீராய்டு ஹார்மோன்கள் இருக்கும். ஊடகத்தில் நிறங்காட்டியாகச் சேர்க்கப்படும் ஃபீனால் ரெட் சாயத்துக்கும் மெல்லிய ஈஸ்ட்ரோஜன் தன்மை உண்டு. ஆகவே இரண்டும் இல்லாத ஊடகமே இந்த ஆய்வுக்கு ஏற்றது. இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் ஆகியவற்றைச் சேர்ப்பது வழக்கம். எனினும், ஃபாலிக்கிள் வளரத் தொடங்குவதை இன்சுலின் தானே தூண்டக்கூடியது என்பதால், எல்லாக் குழுக்களிலும் அதன் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இனி ஹார்மோன்கள். இளஞ்சூலகம் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனை மிகுதியாகச் சுரக்கிறது. வயது கூடக்கூட அச்சுரப்பு குறைகிறது. 140 நாளைத் தாண்டிய கருவின் துண்டுகளில் ஆதி ஃபாலிக்கிள்கள் இரண்டு நாள் வளர்ப்பிலேயே தாமாக வளரத் தொடங்கிவிடும். அதைவிட இளைய கருவின் துண்டுகளிலோ அந்தத் திறன் வளர்ப்பின்போதுதான் மெல்ல உண்டாகிறது. எஸ்ட்ரடையாலையோ புரோஜெஸ்டிரோனையோ சேர்த்தால் அது தடைபடுகிறது. எனவே இளைய துண்டுகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, முதல் குழுவில் ஹார்மோனைக் கரைக்கும் எத்தனாலை மட்டும், இரண்டாவதில் எஸ்ட்ரடையாலை, மூன்றாவதில் எஸ்ட்ரடையாலோடு, அது செல்லில் இணைந்து செயல்படும் இடமான ஏற்பியைத் தடுக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்டை, நான்காவதில் ஃபுல்வெஸ்ட்ரன்டை மட்டும் சேருங்கள். மூன்றாம் குழுவில் தடை நீங்கினால்தான், அத்தடை ஏற்பி வழியாக நிகழ்ந்தது என்று கூற முடியும். டெஸ்டோஸ்டிரோனை ஆராய விரும்புவோர் அடுத்த கட்டத்தைக் கவனிக்க வேண்டும். அது முதனிலை ஃபாலிக்கிள் இரண்டாம் நிலைக்குச் செல்வதைத் தூண்டுகிறது. ஆதி ஃபாலிக்கிள் வளரத் தொடங்குவதற்கு, பிட்யூட்டரி சுரக்கும் ஃபாலிக்கிள் தூண்டு ஹார்மோனான எஃப்.எஸ்.எச். தேவையில்லை.

வளர்ப்புக்கு முன்பே சில துண்டுகளைப் பதப்படுத்தி வையுங்கள். அந்தத் தொடக்க நிலை இல்லாமல் மாற்றத்தை அளக்க இயலாது. தொடர் வெட்டுகளில், முட்டைச்செல்லின் உட்கரு தெரியும் ஃபாலிக்கிள்களை மட்டும், ஒவ்வொன்றையும் ஒரே முறை எண்ணுங்கள். தட்டையான செல்கள் சூழ்ந்திருந்தால் ஆதி நிலை. கனசதுரச் செல்கள் ஒரே அடுக்காக இருந்தால் முதனிலை. இரண்டு அடுக்கோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டாம் நிலை. முட்டைச்செல், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவின் முற்பகுதியில் வரும் டிப்ளோட்டீன் கட்டத்தை எட்டிவிட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இளங்கருவில் பெரும்பாலானவை அக்கட்டத்தை எட்டியிருப்பதில்லை, வளரும் திறன் வருவதும் அதை எட்டுவதோடு ஒட்டியே நிகழ்கிறது.

புள்ளியியல் கணக்கில் ஒரு கருவையே ஓர் அலகாகக் கொள்ள வேண்டும். ஒரே சூலகத்தின் இருபது துண்டுகளை இருபது சான்றுகளாக எண்ணினால், இல்லாத விளைவும் இருப்பதாகத் தோன்றிவிடும்.