வேறு மாநிலத்தில் வேலை: குடும்பத்தோடு போவதா, தனியாகப் போவதா?

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது சிடிசி, அதாவது கம்பெனி நமக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, எவ்வளவு என்றுதான். அதைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ புனேவுக்கோ குடும்பத்தோடு கிளம்பலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சம்பளம் போதவில்லை என்றால் ஒரு வருடம் கழித்து வேறு கம்பெனி தேடிக்கொள்ளலாம், படிப்பில் போன வருடத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கல்லூரியில் மாநில ஒதுக்கீட்டு இடம் யாருக்கு என்பதை அநேக மாநிலங்கள் எங்கே படித்தாய் என்பதை வைத்துத்தான் முடிவு செய்கின்றன. தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் மாநில ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருந்தால் நேட்டிவிட்டி (பிறப்பிட) சான்றிதழ் தேவையில்லை, பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. நடுவில் ஒரு வருடம் வெளியே படித்திருந்தாலும் சான்றிதழ் வாங்கித்தான் ஆக வேண்டும். பெற்றோருக்குப் பூர்வீகம் தமிழ்நாடு என்றால் அது கிடைக்கும், கதவு மூடிவிடாது. ஆனால் அதற்கு உங்கள் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாம் கேட்பார்கள், அதனால் அந்தக் காகிதங்களைப் பரணில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் விஷயம் இன்னும் கடுமை. மருத்துவத்துக்கு 2020இலும் மற்றத் தொழில்படிப்புகளுக்கு 2021இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. வெளியே போனால் அது போனதுதான்.

சரி, போகிற இடத்தில் இடம் கிடைக்காதா? கர்நாடகத்தில் பொதுவான வழி, அங்கே ஏழு முழுக் கல்வியாண்டுகள் படித்திருப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறாம் வகுப்பில் சேர்த்தால் பன்னிரண்டுக்குள் சரியாக ஏழு வருடம் வரும், ஏழாம் வகுப்பில் சேர்த்தால் ஆறுதான். தெலங்கானாவில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடம் அங்கே படித்திருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நீங்கள் போகும் மாநிலத்தின் அந்த வருடத்து நுழைவுத்தேர்வு விளக்கக் குறிப்பேட்டை எடுத்து, தகுதிப் பகுதியை மட்டும் படித்துவிடுங்கள். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், அவர் பையன் படித்தபோது விதி வேறாக இருந்திருக்கும்.

இட ஒதுக்கீடும் எல்லை தாண்டி வராது. பிசி, எம்பிசி என்பதெல்லாம் தமிழ்நாட்டுப் பட்டியல். எஸ்சி, எஸ்டி பட்டியலும் மாநிலவாரியானதுதான், புலம்பெயர்ந்தவர் போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே சொல்லிவிட்டது. மத்திய அரசு நிறுவனங்களில் மட்டும் மத்தியப் பட்டியல்படி நடக்கும்.

அப்புறம் மொழி. கேரளத்தில் 2017, தெலங்கானாவில் 2018, மகாராஷ்டிரத்தில் 2020, கர்நாடகத்தில் 2015 என்று அந்தந்த மாநில மொழியைப் பள்ளியில் கட்டாயமாக்கிச் சட்டங்கள் இருக்கின்றன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விளையாட்டுப்போக்கில் கற்றுக்கொண்டுவிடும், எட்டாம் வகுப்புப் பிள்ளை திணறும். இதைவிடப் பெரிய சிக்கல் திரும்பி வரும்போதுதான். இங்கேயும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயம். வெளியே தமிழே படிக்காமல் வளர்ந்த பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் மாநிலப் பாடத்திட்டத்தில் கொண்டுவந்து சேர்த்து, பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு எழுத வைப்பது கொடுமை. திரும்பி வரும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும்.

எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயா பள்ளிகளிலும் வேறு பல மாநிலங்களிலும் ஆறு முடிந்திருக்க வேண்டும். யுகேஜி முடித்த பிள்ளையைத் திரும்பவும் யுகேஜியிலேயே உட்கார வைக்கச் சொல்வார்கள். அது பெரிய நஷ்டம் இல்லை, ஆனால் முன்பே தெரிந்திருந்தால் ஆத்திரம் வராது.

இதையெல்லாம் வைத்து நான் சொல்வது: ஐந்தாம் வகுப்புக்குள் என்றால் தாராளமாகக் குடும்பத்தோடு போங்கள். ஆறிலிருந்து எட்டு என்றால், பன்னிரண்டு வரை அங்கேயே இருக்கத் தயாரா என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஒன்பதுக்கு மேல் என்றால் பிள்ளையை அசைக்காதீர்கள், நீங்கள் மட்டும் போய்வாருங்கள், சம்பளம் இரண்டு மடங்கானாலும் சரி.

அடுத்தது கணவன் அல்லது மனைவியின் வேலை. இதை "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிடுவதுதான் வழக்கம், பெரும்பாலும் பெண்களின் வேலை விஷயத்தில். மாநில அரசு வேலை என்றால் மாற்றல் என்ற பேச்சே இல்லை, நீண்ட விடுப்பு அல்லது ராஜினாமா. செவிலியர் போகும் மாநிலத்தின் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு இங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும், சில மாதம் இழுக்கும். வழக்கறிஞர் பார் கவுன்சில் பதிவை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கட்சிக்காரர்கள் கூடவே வரமாட்டார்களே. ஆசிரியருக்குத் தமிழ்நாட்டு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) வெளி மாநில அரசுப் பள்ளியில் உதவாது, மத்திய அரசின் சிடெட் வைத்திருந்தால் கேந்திரிய வித்யாலயா போன்ற இடங்களுக்கு முயலலாம். இருவர் சம்பளம் ஒருவர் சம்பளமாகும் மாதங்கள் எத்தனை என்று உட்கார்ந்து பேசி, அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

இப்போது சிடிசியைத் திறக்கலாம். கையில் வரும் தொகையிலிருந்து வாடகை, பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் செலவு, மேலே சொன்ன நின்றுபோன சம்பளம் எல்லாவற்றையும் கழியுங்கள். சொந்த வீட்டில் இருந்தவர்களுக்கு வாடகை புதுச்செலவு, புதிய வருமான வரி முறையில் இருந்தால் வாடகைப்படிக்கு வரிவிலக்கும் கிடையாது. பெங்களூரில் ஒரு காலத்தில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார்கள், இப்போதும் ஐந்தாறு மாதம் கேட்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். தொழில் வரியைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எந்த மாநிலமும் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. பிஎஃப் கணக்கும் பிரச்சினை இல்லை, யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண் நாடு முழுக்க ஒன்றுதான்.

பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டிப்போனால் பேச ஆளில்லாமல் நான்கு சுவருக்குள் உட்கார்ந்திருப்பார்கள், விட்டுப்போனால் ராத்திரியில் நெஞ்சு வலித்தால் யார் கூட்டிப்போவது என்ற கேள்வி நிற்கும். அந்த "யார்" என்பதற்கு ஒரு பெயர் சொல்ல முடிந்தால் விட்டுப்போகலாம்.

எப்படியும் முதலில் ஒருவர் தனியாகப் போய் வேலை எப்படி, வீடு எந்தப் பக்கம், பள்ளி எது என்று பார்த்துவிட்டு, கல்வியாண்டு முடிந்ததும் குடும்பத்தை அழைப்பதே நல்லது. ஆனால் "அடுத்த வருடம் கூட்டிக்கொள்ளலாம்" என்பது வருடாவருடம் தள்ளிப்போகிற பேச்சு. தேதியை இப்போதே முடிவு செய்யுங்கள். நல்ல பள்ளிகளில் சேர்க்கை பல மாதம் முன்பே தொடங்கிவிடும், சிபிஎஸ்இ என்றால் ஏப்ரலிலேயே வகுப்பு ஆரம்பம். டிசி வாங்கும்போது கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டுமா என்று புதுப் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள், மாநிலம் மாறினால் பல இடங்களில் கேட்பார்கள்.

வண்டி? வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். இங்குள்ள ஆர்டிஓவிடம் என்ஓசி, கடன் இருந்தால் வங்கியின் என்ஓசி, அங்கே புதிதாகச் சாலை வரி, இங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு ஒரு மனு என்று நல்ல அலைச்சல். பழைய வண்டியை விற்றுவிட்டுப் போவது மேல். நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள கம்பெனி என்றால், மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத, 2021இல் வந்த பிஎச் (பாரத்) தொடர் எண்ணைப் புது வண்டிக்கு வாங்கலாம்.

கையெழுத்துப் போடுமுன் கம்பெனியிடம் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். இடமாற்றப் படியை எத்தனை மாதத்துக்குள் வெளியேறினால் திருப்பிக் கேட்பீர்கள்? வேலை இன்னொரு ஊருக்கு மாற வாய்ப்பு உண்டா? கல்வியாண்டு முடியும்வரை மாதத்தில் சில நாட்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விடுவீர்களா? போனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னால் சிரித்துவிட்டு, எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.