பச்சை விளக்கு எரியாவிட்டால்

பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கத்துப் பிள்ளை விமானப் பயிற்சியில் சேர்ந்தால், "வானத்தில் சக்கரம் இறங்காமல் போனால்?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். ஆனால், பலரும் பயிற்சியைத் தொடங்கும் செஸ்னா 172 விமானத்தில் சக்கரம் மடங்குவதே கிடையாது. அதில் முன்சக்கரம் ஒடிந்தால், ஒடித்தவர் பெரும்பாலும் விமானியாகவே இருப்பார்.

கூடுதல் வேகத்தில் தரை தொட்டால் விமானம் துள்ளும். உடனே பதறி மூக்கைக் கீழே அழுத்துவது பெருந்தவறு. அடுத்த அடி முன்சக்கரத்தில் விழும், அதற்கடுத்தது இன்னும் பலமாக விழும். முழு விசை கொடுத்து மேலேறிச் சுற்றி வந்து இறங்குங்கள். யாரும் கேலி செய்யமாட்டார்கள். கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடித்தால், விமானம் பக்கவாட்டில் நகர்ந்தபடி தரை தொடும். சக்கரக் கால்கள் அந்தச் சுமையைத் தாங்கா. அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக்காற்றுக்கு ஒரு டன் விமானம் எம்மாத்திரம்?

சக்கரம் மடங்கும் விமானங்களில், சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்குதான் முதலில் ஏமாற்றும். பல பைப்பர் ஆரோ விமானங்களில் இரவு விளக்குகளின் சுவிட்சைப் போட்டால் சக்கரத்தின் மூன்று பச்சை விளக்குகளும் தாமாக மங்கிவிடும். நண்பகல் வெயிலில் அவை எரிவதே தெரியாது. முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் பக்கத்துப் பல்பைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பிறகு சர்க்யூட் பிரேக்கர், அதாவது மின்சுமை கூடினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், துண்டித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் பாதுகாப்பான உயரத்துக்கு ஏறிய பின்பே செய்ய வேண்டும். 1972 டிசம்பர் 29 அன்று மயாமி அருகே ஒரு பெரிய பயணிகள் விமானத்தில், முன்சக்கரத்தின் எரியாத பல்பையே விமானிகள் எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். விமானம் மெல்லத் தாழ்ந்ததை எவரும் கவனிக்கவில்லை. 101 பேர் இறந்தார்கள். சக்கரமோ இறங்கித்தான் இருந்தது.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அருகே தாழப் பறந்து காட்டலாம். சக்கரம் இறங்கியதா என்று அவர்கள் சொல்வார்கள். பூட்டிக்கொண்டதா என்பது அங்கிருந்து தெரியாது.

சக்கரத்தை அவசர வழியில் இறக்கும்போது கையேட்டைத் திறந்து வரிக்கு வரி செய்யுங்கள். பீச்கிராஃப்ட் பொனான்சாவில் கைப்பிடியைச் சுமார் 50 முறை சுற்ற வேண்டும். அதற்கு முன் சக்கர மோட்டாரின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் திடீரென ஓடிக் கைப்பிடி விரலைப் பதம் பார்த்துவிடும். இறங்கிய சக்கரத்தைச் சோதனைக்காக மறுபடி மடக்காதீர்கள்.

ஒன்றும் பலிக்காமல் வயிற்றால் இறங்க நேர்ந்தால், புரொப்பெல்லரைக் காப்பாற்ற எண்ணி வானத்திலேயே எஞ்சினை நிறுத்துவது வீண் சாமர்த்தியம். இறங்கும் கோணம் தவறினால் மேலேற வழி இருக்காது.

எல்லாம் சரியாகி இறங்கிய பின்பும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது: ஓடுபாதையில் ஓடும்போதே ஃபிளாப் (இறக்கையின் பின்மடல்) நெம்புகோல் என்று நினைத்துச் சக்கர நெம்புகோலைத் தூக்கிவிடுவது. ஓடுபாதையை விட்டு விலகி நிற்கும்வரை எந்த நெம்புகோலையும் தொடாதீர்கள்.