நீலகிரியில் சிறுவர் பேஸ்பால் குழு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதகையிலோ கோத்தகிரியிலோ சிறுவர் பேஸ்பால் குழு தொடங்குவோர் முதலில் கவலைப்படுவது சமதளமான மைதானத்துக்காகத்தான். தேயிலைச் சரிவில் உருண்ட பந்தைத் தேடுவதிலேயே பயிற்சி நேரம் கரைந்துவிடும் என்பதால் அது நியாயமான கவலையே. ஆயினும் மைதானக் குறையைச் சமாளித்துவிடலாம். வளரும் பிள்ளையின் முழங்கைக்கு வரும் கேட்டை அவ்வளவு எளிதில் சரிசெய்ய இயலாது.

நன்றாக வீசும் ஒரே பிள்ளையை ஆட்டம் முழுவதும் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, நிறுத்துவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. அந்த வயதில் முழங்கையின் உட்புற எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் பகுதி) முற்றாமல் குருத்தெலும்பாகவே இருப்பதால், ஒவ்வொரு வேகமான வீச்சும் அதை இழுக்கிறது. அமெரிக்காவில் 2014-இல் வெளியான ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல் 9, 10 வயதினருக்கு ஒரு நாளில் 75 வீச்சுகள், 11, 12 வயதினருக்கு 85, 13, 14 வயதினருக்கு 95 என வரம்பு வகுத்துள்ளது. பதினான்கு வயது வரையுள்ளோர் 66 வீச்சுகளை எட்டினால் நான்கு நாள் ஓய்வு தேவை. சனிக்கிழமை 70 பந்து வீசிய பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டமே இருந்தாலும், புதன் முடியும்வரை வீசக்கூடாது. கணக்கெழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் பயிற்சி முடிந்து வீடு திரும்பியபின் தெருவில் ஆடும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் அந்த நோட்டில் ஏறுவதில்லை. அதையும் கேட்டறிவது பயிற்சியாளரின் வேலை. களைத்த பிட்சருக்கு ஓய்வளிப்பதாக எண்ணி, அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சராக மாற்றுவதும் பயனற்றது, ஏனெனில் கேட்சர் ஏறக்குறைய ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் பந்தைத் திருப்பி எறிகிறார்.

அடுத்தது மலைக்காற்று செய்யும் மாயம். சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அமெரிக்காவின் டென்வர் நகரில் காற்று மெலிந்திருப்பதால் பந்து வெகுதூரம் பறப்பது பேஸ்பால் உலகில் பெயர்பெற்ற செய்தி. உதகையோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கு எல்லை தாண்டிய அடி கோயம்புத்தூரில் பிடிபட்டுவிடும்போது, பிள்ளையின் திறமை குறைந்துவிட்டதாகக் கடிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட ஆபத்தானது, மெலிந்த காற்றில் கர்வ் வீச்சு (வளைந்து செல்லும் பந்து) போதுமான அளவு வளையவில்லை என்று பிள்ளைகள் இன்னும் பலமாகக் கையை முறுக்கப் பழகுவது. பன்னிரண்டு வயது வரை நேர்வீச்சும், அதே கையசைவில் வேகம் குறைத்து வீசுவதும் போதும்.

கிரிக்கெட் பழக்கத்தால் அடித்தபின் மட்டையோடு ஓடுவதும், அடித்தவர் முதலில் ஓடித் தொட வேண்டிய இடமான முதல் பேஸைக் கடந்து ஓடலாம் என்பதை மறந்து அங்கேயே வேகம் குறைப்பதும் சில வாரங்களில் தாமே மறையும் பிழைகள்.

மறையாதது பெரியவர்களின் குரல். பிள்ளைகளின் ஆட்டத்தில் அம்பயராக நிற்பவர் பெரும்பாலும் மற்றொரு பிள்ளையின் அண்ணனோ அக்காவோதான்; அவருடைய தீர்ப்பை வெளியிலிருந்து அப்பா எதிர்த்துக் கத்தினால், அடுத்த ஆட்டத்தில் மகனும் அதையே செய்வான். ஆட்சேபத்தைப் பயிற்சியாளர் ஒருவரே, அமைதியாகச் சென்று கேட்பது என்று முதல் நாளிலேயே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். தோற்கும் அச்சத்தில் திறமை குறைந்தவர்களை ஆட்டம் முழுவதும் வெளியில் உட்கார வைப்பதும், ஒருவரை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிறுத்துவதும் பயிற்சி ஆகா.

கடைசியாக, ஜூன் முதல் உதகை, கூடலூர்ப் பக்கம் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை நஷ்டமாகக் கருதி, சிலர் மண்டபத்துக்குள் வீச்சுப் பயிற்சியைத் தொடர்கிறார்கள். ஆண்டில் நான்கு மாதங்களாவது, அதில் இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ச்சியாக, வீச்சிலிருந்து விலகியிருக்குமாறு அதே வழிகாட்டுதல் கூறுகிறது. அந்நாட்களில் ஓட்டமும் காற்பந்தும் ஆடட்டும். தோல் கையுறைகளை மட்டும் பூஞ்சை பிடிக்காதபடி காற்றோட்டமான இடத்தில் உலர்த்தி வைத்தால் போதும்.