புது லேப்டாப் பெட்டியில் வரும் தாள்களைத் தூக்கிப் போடாதீங்க

எல்லாத்தையும் படிக்க வேண்டாம். பொடி எழுத்தில் பல மொழியில் வரும் பாதுகாப்புத் தாளில் மின்சாரப் பகுதியை மட்டும் கட்டாயம் பாருங்க. எர்த் உள்ள மூணு பின் பாயின்ட்டில் மாட்டச் சொல்லியிருந்தா அப்படியே செய்யுங்க. காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு வளவில் ரெண்டு பின் பாயின்ட்தான் இருக்குன்னா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தோடு புது பாயின்ட் போட்டுக்கங்க. எர்த் பின்னை ஒடிச்சு மாட்டவே கூடாது, ஷாக் அடிக்கும்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து சொந்தக்காரங்க கொண்டுவந்ததா? அடாப்டரில் 'இன்புட் 100–240 வோல்ட்'னு இருந்தா நம்ம 230 வோல்ட்டுக்குச் சரி. வாரன்டி இந்தியாவிலும் செல்லுமான்னு அட்டையில் பாருங்க, முக்கியம்.

முழு மேனுவல் பெரும்பாலும் பெட்டியில் இருக்காது. லேப்டாப் அடியில் உள்ள மாடல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டா பிடிஎஃப் கிடைக்கும். அந்த ஸ்டிக்கரையும் பில்லையும் அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுக்கங்க.