வேறு பட்டம் படித்தவர் சிங்கப்பூரில் பட்டயக் கணக்காளர் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

"அக்கா, நான் படித்தது மெக்கானிக்கல். ஆனால் மூணு வருஷமா ஆபீஸில் கணக்குதான் பார்க்கிறேன். இனிமேல் நான் சிஏ ஆக முடியுமா?"

உட்லண்ட்ஸில் எங்கள் பக்கத்து புளோக்கில் இருக்கும் தம்பி ஒருவர் மின்தூக்கியில் நின்றபடி இதைக் கேட்டார். முடியும். நானும் அந்த வழியாக வந்தவள்தான். இளங்கலையில் வேதியியல் படித்தேன், இங்கே வந்து கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன், பகுதிநேரமாகக் கணக்கியலில் முதுகலை முடித்துத் தேர்வுகளை எழுதினேன். அன்று அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எந்த உரிமம் வேண்டும் என்று தெளிவாகுங்கள்

மூன்று விஷயங்களைப் பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதுகலைப் பட்டம் பல்கலைக்கழகம் தருவது. அது மட்டும் இருந்தால் நீங்கள் பட்டயக் கணக்காளர் ஆகிவிட மாட்டீர்கள். 'சிஏ சிங்கப்பூர்' என்ற பெயரை இஸ்கா, அதாவது சிங்கப்பூர் பட்டயக் கணக்காளர் கழகம், தருகிறது. அதற்கு 2013இல் தொடங்கிய தகுதித் திட்டத்தின் தேர்வுகளில் தேறி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் 3 ஆண்டு வேலை அனுபவமும் காட்ட வேண்டும். மூன்றாவது, பொதுக் கணக்காளர் பதிவு. ஒரு நிறுவனத்தின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை அதில்தான் வருகிறது. கணக்காளர் சட்டத்தின் கீழ் அக்ரா, அதாவது கணக்கியல், நிறுவன ஒழுங்குமுறை ஆணையம், அதைக் கொடுக்கிறது.

தொடக்க நிலையில் இருப்பவருக்கு இலக்கு இரண்டாவதுதான். மூன்றாவதைப் பற்றிச் சில வருடம் தணிக்கையில் வேலை பார்த்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: முதுகலையைத் தேர்ந்தெடுப்பது

சிங்கப்பூர் தகுதித் திட்டத்தில் இரண்டு தளங்கள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கணக்கியல் பட்டம் உள்ளவர் நேராக மேல்தளத்துக்கு, அதாவது தொழில்முறைத் தேர்வுகளுக்கு, வரலாம். வேறு துறையில் பட்டம் பெற்றவர் அடிப்படைத் தளத்திலிருந்து ஏற வேண்டும். இல்லையென்றால், அடிப்படையை ஈடுசெய்யும் முதுகலை ஒன்றை முடிக்க வேண்டும். பிராஸ் பாசாவில் இருக்கும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் தொழில்முறைக் கணக்கியல் முதுகலை அந்த வகை. வேறு துறைக்காரர்களை மனத்தில் வைத்து அமைத்த படிப்பு அது.

கட்டணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதை முடித்தால் நேராகத் தொழில்முறைத் தேர்வுக்குப் போகலாமா?" பதில் எழுத்தில் வரட்டும். 'கணக்கியல்' என்ற சொல் பெயரில் இருப்பதால் மட்டும் எல்லாப் படிப்புக்கும் அந்த அங்கீகாரம் கிடைத்துவிடாது. இஸ்காவின் தளத்தில் இருக்கும் பட்டியலையும் தேர்வுப் பாடங்களின் இப்போதைய விவரத்தையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

என் கருத்தையும் சொல்கிறேன். தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உறுதியாக இருப்பவருக்கு அடிப்படைத் தளமே போதும், செலவும் குறையும். எனக்குப் பக்கத்தில் கேள்வி கேட்க ஆசிரியரும், கூடப் படிக்க நாலு பேரும் தேவைப்பட்டார்கள். அதனால் வகுப்பைத் தேர்ந்தேன். அந்தப் பணத்துக்காக இன்றும் வருந்தவில்லை.

மூன்றாம் படி: வகுப்பு தொடங்கும் முன் பற்று வரவைப் பழகுங்கள்

தமிழில் யோசிப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வீடுகளில் 'வரவு' என்றால் பணம் வருவது. கணக்கியலிலோ, கையில் பணம் வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று (டெபிட்) வைக்க வேண்டும். வரவு (கிரெடிட்) வைத்தால் பணம் போய்விட்டது என்று பொருள். முதல் மாதம் முழுக்க எனக்கு இது தலைகீழாகவே தெரிந்தது.

வங்கி அறிக்கை குழப்பத்தை இன்னும் கூட்டும். நீங்கள் பணம் போட்டால் வங்கி அதை வரவு என்று காட்டும். அது வங்கியின் புத்தகம். உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடனாக அந்தப் பணத்தை அவர்கள் எழுதுகிறார்கள். உங்கள் புத்தகத்தில் அதே பணம் சொத்து, ஆகவே பற்று. இந்த ஒன்று பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பயிற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு. பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்த ஒரு மளிகைக் கடை 5,000 வெள்ளிக்கு அரிசியைக் கடனில் வாங்குகிறது. வரி 9 விழுக்காடு, 450 வெள்ளி. சரக்குக் கணக்கில் பற்று 5,000. வரி ஆணையத்திடமிருந்து கழித்துக்கொள்ளக்கூடிய உள்ளீட்டு வரியில் பற்று 450. அரிசி மண்டிக்காரர் கணக்கில் வரவு 5,450. இரண்டு பக்கமும் சமம். இதைப் போல நூறு பதிவுகளை நோட்டில் கையால் எழுதிப் பாருங்கள். மென்பொருளில் பழகாதீர்கள், அது யோசிக்கும் வேலையைப் பறித்துக்கொள்ளும்.

நான்காம் படி: முதல் வாரத்திலிருந்தே தேர்வுக் கோப்பைக் கட்டுங்கள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இந்தப் படிதான்.

நான் எழுதிய தொழில்முறைத் தேர்வுகள் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுபவை, கணினியில் தட்டச்சு செய்பவை. பள்ளியில் நாம் பழகிய மனப்பாடம் அங்கே உதவாது. "புத்தகம்தான் கையில் இருக்கிறதே" என்று அலட்சியமாகப் போனாலும் கவிழ்ந்துவிடுவோம், தேடுவதற்கு நேரமே இருக்காது. ஆகவே முதுகலை வகுப்பில் ஒரு தலைப்பு முடியும் அன்றைக்கே, அதைத் தேர்வு மேசையில் ஒரு நிமிடத்தில் எடுக்கும்படி இரண்டு பக்கத்தில் எழுதிவிடுங்கள். நான் ஒவ்வொரு தலைப்புக்கும் நாலே பகுதி வைத்தேன்: விதி என்ன, எப்போது பொருந்தாது, எண்ணோடு ஓர் எடுத்துக்காட்டு, கேள்வித்தாளில் இது எப்படி ஒளிந்து வரும்.

எஸ்எஃப்ஆர்எஸ் ஐ என்பது சிங்கப்பூரின் நிதி அறிக்கைத் தரநிலைகள்; அதில் குத்தகைக்கான 16ஆம் தரநிலையை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் சிறு கிடங்கு ஒன்றை 3 ஆண்டுக்கு வாடகைக்கு எடுக்கிறது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 24,000 வெள்ளி கட்ட வேண்டும். வட்டி விகிதம் 5 விழுக்காடு. பழைய முறையில் ஆண்டுக்கு 24,000 செலவு என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். 2019 ஜனவரி 1 முதல் அப்படி முடியாது. வரப்போகும் மூன்று தவணைகளின் இன்றைய மதிப்பைக் கணக்கிட வேண்டும்: 24,000 பெருக்கல் 2.72325 (5 விழுக்காடு வட்டியில் 3 ஆண்டுத் தவணைகளுக்கான இன்றைய மதிப்புக் காரணி), ஏறத்தாழ 65,358 வெள்ளி. அந்தத் தொகை ஒரு பக்கம் பயன்பாட்டு உரிமை என்ற சொத்தாகவும், மறுபக்கம் குத்தகைக் கடனாகவும் ஏறும்.

முதல் ஆண்டில் கடனுக்கு வட்டி 3,268. சொத்தின் தேய்மானம் மூன்றில் ஒரு பங்கு, 21,786. மொத்தச் செலவு 25,054, வாடகையை விட 1,054 கூடுதல். கட்டிய பணம் அதே 24,000தான். ஆண்டு முடிவில் மிஞ்சும் கடன் 44,626. கடைசி ஆண்டில் வட்டி குறைந்து செலவு வாடகைக்குக் கீழே போய்விடும், மூன்று ஆண்டும் சேர்த்துக் கூட்டினால் 72,000 சரியாக வரும். அந்த மூன்றாண்டு அட்டவணையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இனி 'எப்போது பொருந்தாது' என்ற பகுதி. 12 மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்கும், மதிப்புக் குறைந்த பொருளுக்கும் இந்த வேலை வேண்டாம் என்று நிறுவனம் முடிவெடுக்கலாம். 'எப்படி ஒளிந்து வரும்' என்றால், கேள்வியில் 'குத்தகை' என்ற சொல்லே இருக்காது. 'சரக்கு வண்டி ஏற்பாடு' என்று நீளமான ஒப்பந்தம் ஒன்று இருக்கும். அந்த வண்டியை நீங்கள் கட்டுப்படுத்துகிறீர்களா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

எழுதிய பக்கத்தை வீட்டில் யாருக்காவது தமிழில் விளக்குங்கள். குத்தகை விஷயத்தை என் மாமியாரிடம் சொன்னபோது, "வாடகை வீட்டை எப்படிம்மா சொந்தச் சொத்துன்னு எழுதலாம்?" என்று கேட்டார். வீடு நம்முடையது இல்லை, அதை மூன்று வருடம் பயன்படுத்தும் உரிமை நம்முடையது என்று பதில் சொன்னபோதுதான் எனக்கே அது முழுதாகப் புரிந்தது.

ஐந்தாம் படி: வரியும் தணிக்கையும்

வரிப் பாடத்தில் சிங்கப்பூரின் சொந்த விதிகளே எல்லாம். முந்தைய ஆண்டு வருமானத்துக்கு அடுத்த ஆண்டில் வரி: 2024 நிதியாண்டின் லாபம் 2025 மதிப்பீட்டு ஆண்டில் வரும். நிறுவன வரி 17 விழுக்காடு. பகுதி விலக்கை முதலில் கழிக்க மறந்துவிடாதீர்கள். 200,000 வெள்ளி வருமானம் என்றால் முதல் 10,000இல் முக்கால் பங்கும், அடுத்த 190,000இல் பாதியும் விலக்கு, மொத்தம் 102,500. மிச்சம் 97,500க்கு வரி 16,575. கேள்வியில் முதலாளி எஸ் எண் தகடு உள்ள காரில், அதாவது தனியார் காரில், வாடிக்கையாளரைப் பார்க்கப் போனார் என்று ஒரு வரி வந்தால் விழித்துக்கொள்ளுங்கள். தொழிலுக்காகவே ஓட்டியிருந்தாலும் அந்தக் காரின் பெட்ரோல் செலவைக் கழிக்க முடியாது.

தணிக்கையில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையின் சரக்கைச் சரிபார்க்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். பட்டியலில் இருக்கும் வளையலைக் கண்ணாடிப் பெட்டியில் தேடினால், எழுதியது உண்மையில் இருக்கிறதா என்று சோதிக்கிறீர்கள். பெட்டியில் இருக்கும் வளையலைப் பட்டியலில் தேடினால், இருப்பது முழுவதும் எழுதப்பட்டதா என்று சோதிக்கிறீர்கள். திசை மாறினால் சோதனையின் நோக்கமே மாறிவிடும். லாபத்தைப் பெருக்கிக் காட்ட நினைக்கும் கடையில் முதல் திசைதான் முக்கியம்.

ஆறாம் படி: விடை எழுதிப் பழகுதல்

ஒரு பாடத்தில் நான் முதல் முறை தேறவில்லை. விதிகள் எல்லாம் தெரிந்திருந்தன. விடையில் விதியை அழகாக எடுத்து எழுதினேன், கேள்வியில் இருந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அந்த மாலை மிகவும் கனமாக இருந்தது. அடுத்த முறை ஒவ்வொரு பத்தியிலும் அந்த நிறுவனத்தின் பெயரோ, தொகையோ, தேதியோ ஒன்றாவது வரவேண்டும் என்று எனக்கே கட்டளை போட்டுக்கொண்டேன்.

"சரக்கைச் சோதிக்க வேண்டும்" என்பது விடை ஆகாது. "டிசம்பர் 31 அன்று கடையில் நேரில் நின்று எண்ணுவதைக் கவனித்து, பட்டியலில் விலை உயர்ந்த 20 நகைகளை எடுத்து எடைபோட்டு, சுத்தத்தைச் சோதிக்க வேண்டும்" என்பது விடை.

நேரத்தையும் பழகுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 10 மதிப்பெண் கேள்விக்கு 18 நிமிடம் ஆனதும், வாக்கியம் பாதியில் நின்றாலும் அடுத்ததற்குப் போய்விடுங்கள். பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்துத் தட்டச்சு செய்து எழுதுங்கள். நான் சனிக்கிழமைகளில் உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் உட்கார்ந்து எழுதுவேன். வீட்டில் மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்ததே இல்லை.

ஏழாம் படி: நாட்காட்டி

ஒரு பாடத்துக்கு 12 வாரம் வையுங்கள். முதல் 7 வாரம் கோப்பைத் திருத்த, மிச்சம் வினாத்தாளுக்கு. ஒரே தடவையில் இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், வேலையும் குடும்பமும் இருப்பவருக்கு அது தாங்காது. தணிக்கை நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூச்சுவிட நேரமிருக்காது, அந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்டு இறுதியில் எழுதுபவர்களுக்குத் தீபாவளி நடுவில் வரும். அந்த வாரத்தைத் தொடக்கத்திலேயே விடுமுறை என்று குறித்துவிடுங்கள். பிள்ளைகளோடு தேக்காவுக்குப் போய் வந்த குற்ற உணர்வோடு படிப்பதை விட, திட்டமிட்டுப் போய் வருவது நல்லது.

எட்டாம் படி: வேலை அனுபவம்

மூன்று வருட அனுபவத்தைத் தேர்வு முடிந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், இரண்டும் சேர்ந்தே ஓடலாம். இப்போது வேலை பார்க்கும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றதா என்று இன்றே மேலாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால், முதுகலை இரண்டாம் பருவத்திலேயே அங்கீகாரம் உள்ள இடத்தில் வேலை தேடத் தொடங்குங்கள். சேர்ந்த பிறகு, செய்த வேலையை மாதம் ஒருமுறை எழுதி வழிகாட்டியிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். என்னுடன் படித்த ஒருவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவருடைய வழிகாட்டி வேலை மாறிப் போய்விட்டார், ஒன்றரை வருட வேலையை நிரூபிக்கப் பழைய மின்னஞ்சல்களை எல்லாம் தோண்ட வேண்டியிருந்தது. பக்கத்து புளோக் தம்பி நேற்றுத் தன் மேலாளரிடம் கேட்டுவிட்டார். அவருடைய நிறுவனம் பட்டியலில் இருக்கிறதாம்.