சின்ன மோட்டார் படகிலிருந்து தண்ணீரில் விழாமலிருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

படகிலிருந்து ஒருவர் தண்ணீரில் விழுந்தார் என்றால் புயலும் பேரலையும்தான் நம் நினைவுக்கு வரும். சின்ன மோட்டார் படகில் அதெல்லாம் தேவையே இல்லை. தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது, நங்கூரம் இழுக்கையில், கிளம்ப மறுக்கும் எஞ்சினோடு மல்லுக்கட்டுகையில், ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கையில் விழுகிறார்கள். கவனம் வேலையில் இருக்கிறது, எடை ஒரு பக்கம் போகிறது, படகு சாய்கிறது. அவ்வளவுதான்.

விழுவதை எப்போதும் தடுக்க முடியாது. அதனால் விழுந்த பிறகு படகு என்ன செய்யும் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இங்கேதான் முதல் தவறும், என் கணக்கில் மிகப் பெரிய தவறும் வருகிறது.

கில் சுவிட்ச் கயிற்றைத் தொங்கவிட்டு ஓட்டுவது

எஞ்சினிலோ ஸ்டீயரிங் பக்கத்திலோ சுருள் சுருளாகச் சிவப்புக் கயிறு ஒன்று இருக்கும். ஒரு முனை எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச்சில், மறுமுனை ஓட்டுபவர் உடலில். அவர் இடத்தைவிட்டு எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், எஞ்சின் நின்றுவிடும். இத்தனை எளிய ஏற்பாட்டைத்தான் "நடமாட இடைஞ்சல்", "பக்கத்தில்தானே போகிறோம்" என்று மாட்டாமல் விடுகிறார்கள்.

மாட்டாவிட்டால் என்ன ஆகும்? படகின் பின்புறம் வெளியே மாட்டி, கைப்பிடியால் திருப்பும் அவுட்போர்டு எஞ்சினில் கையை விட்டதும், புரொப்பெல்லர் சுழலும் விசையே எஞ்சினை ஒரு பக்கம் திருப்பிவிடும். ஆளில்லாத படகு நேராகப் போய் மறையாது, வட்டமடிக்கும். காற்றிலும் நீரோட்டத்திலும் அந்த வட்டம் நகர்ந்துகொண்டே இருப்பதால், விழுந்தவர் மேலேயே படகு திரும்பி வரலாம். மூன்று இதழ் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், ஒரே புள்ளியை நொடிக்கு 100 முறை வெட்டிக் கடக்கிறது என்று பொருள். ஒதுங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட அங்கே நேரம் இருக்காது.

2013 மே மாதம் இங்கிலாந்தின் பேட்ஸ்டோ அருகே நடந்தது இதுதான். வேகமாகப் போன படகு சட்டென்று திரும்பியதில், அதிலிருந்த ஒரே குடும்பத்தின் ஆறு பேரும் வெளியே எறியப்பட்டார்கள். கில் சுவிட்ச் கயிறு ஓட்டியவரிடம் மாட்டப்பட்டிருக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, படகு சுற்றி வந்து தண்ணீரில் கிடந்தவர்கள் மேல் மோதியது. இருவர் இறந்தார்கள், பிழைத்தவர்களிலும் சிலருக்குப் பலத்த காயம். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான, இந்த சுவிட்ச் பொருத்தப்பட்ட பொழுதுபோக்குப் படகுகள் வேகமெடுத்து ஓடும்போது அதைப் பயன்படுத்துவதை 2021 ஏப்ரலிலிருந்து சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

மாட்டுகிறவர்களும் சில இடங்களில் கோட்டைவிடுகிறார்கள். சட்டைப் பித்தானிலோ பெல்ட் ஓரத்திலோ மாட்டினால் துணி கிழியலாம், கொக்கி நழுவலாம். தொடையைச் சுற்றி மாட்டுவது நல்லது. ஸ்டீயரிங்கைச் சுற்றிக் கயிறு சிக்கியிருக்கக் கூடாது. ஓட்டுபவர் மாறும்போது முதலில் எஞ்சினை நிறுத்துங்கள், கயிற்றை அடுத்தவருக்கு மாட்டுங்கள், அப்புறம் கிளப்புங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கயிற்றை இழுத்து எஞ்சின் உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் காய்ந்து சுருள் தளர்ந்த கயிறு என்றால் மாற்றிவிடுங்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று: ஓட்டியவர் கயிற்றோடு தண்ணீரில் விழுந்துவிட்டார், படகில் மிச்சமிருப்பவர்கள் எஞ்சினை எப்படிக் கிளப்புவார்கள்? உபரிக் கயிறு ஒன்று படகில் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

படகில் எழுந்து நடமாடுவது

ஓடும் சின்னப் படகில் உட்கார்ந்திருப்பதுதான் முறை. நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒருவர், குனிந்தபடி, ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு. முன்பக்க விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால் படகு திடீரென்று வேகம் குறைந்தால் முன்னால்தான் விழுவீர்கள், ஓட்டுபவர் சுதாரிப்பதற்குள் படகு உங்கள் மேலேயே போய்விடும்.

கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின் கியரில் இருந்தால், சில பழைய மாடல்களில் படகு குபீரென்று பாயும். பின்பக்கம் நின்று இழுத்தவர் தண்ணீரில் இருப்பார். இழுக்கும் முன் நியூட்ரலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லரில் சிக்கிய வலையையோ பாசியையோ எடுக்க எட்டிக் குனிவதும் அப்படித்தான்: எஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றி, எஞ்சினை மேலே தூக்கி வைத்த பிறகே கை வைக்க வேண்டும். அந்த நேரம் இன்னொருவர் முன்பக்கம் உட்கார்ந்திருந்தால் படகு சாயாது. சிறுநீர் கழிக்க ஒரு டப்பா வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மது அருந்திவிட்டு ஏறுவதைப் பற்றி விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைப்பது

"தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம்" என்பார்கள். தேவைப்படும்போது நீங்கள் தண்ணீரில் இருப்பீர்கள், ஜாக்கெட் படகில் இருக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023 கணக்குப்படி, படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் ஜாக்கெட் விவரம் தெரிந்தவர்களை எடுத்துக்கொண்டால் 87 சதவீதம் பேர் அதை அணிந்திருக்கவில்லை.

அணிந்தால் மட்டும் போதாது, இறுக்கமாகவும் இருக்க வேண்டும். போட்டுக்கொண்டதும் யாரையாவது விட்டு ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது தளர்வு, தண்ணீரில் உங்களை விட்டுவிட்டு அது மட்டும் மிதக்கும். ஜாக்கெட் மிதக்கவைக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள். 50 நியூட்டன் வகை நீச்சல் தெரிந்தவருக்கு உதவி, அவ்வளவே. நினைவிழந்தவரை முகம் மேலே இருக்கும்படி திருப்பிப் போட வேண்டுமென்றால் 150 நியூட்டன் வகை வேண்டும். தானாக ஊதும் வகை என்றால் உள்ளே இருக்கும் வாயு உருளை இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

திரும்ப ஏற வழி இல்லாமல் கிளம்புவது

தரையில் நின்று பார்க்கும்போது படகின் விளிம்பு முழங்கால் உயரம்தான். தண்ணீரில் மிதந்தபடி, நனைந்த உடையோடு, பிடிமானம் இல்லாமல் அதில் ஏறுவது வேறு கதை. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் இன்னும் மோசம். முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாடின்றித் திணறும். அப்போது நீந்த முயலாமல் மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். அதன் பிறகு கையும் காலும் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம்தான். படகில் ஏற உங்களுக்கு இருக்கும் நேரம் அது.

ஆகவே தண்ணீரில் இருந்தபடியே இழுத்து இறக்கக்கூடிய ஏணி வேண்டும். ஏணி இல்லையென்றால் ஒரு கயிற்றைப் பின்பக்கம் உறுதியாகக் கட்டி, கால் வைக்கிற அளவுக்கு வளையம் போட்டு, கைக்கு எட்டும்படி வையுங்கள். பக்கவாட்டில் தொங்கி ஏறினால் சின்னப் படகு கவிழ்ந்துவிடலாம். எஞ்சின் நின்றபின் பின்பக்கமாக ஏறுவது பாதுகாப்பு. ஒருமுறை வெதுவெதுப்பான, ஆழமில்லாத தண்ணீரில், துணைக்கு ஆள் இருக்கும்போது ஏறிப் பாருங்கள். எங்கே முடியவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

விழுந்தவரை நோக்கிப் பின்னால் வருவது

கூட வந்தவர் விழுந்ததும் ரிவர்ஸ் போடத்தான் கை போகும். போடாதீர்கள், புரொப்பெல்லர்தான் முதலில் அவரைச் சேரும். உடனே நியூட்ரல். அவர் விழுந்த பக்கமே படகைத் திருப்பினால் பின்பக்கம் அவரைவிட்டு விலகும். மிதக்கும் எதையாவது வீசுங்கள். ஒருவர் வேறெதுவும் செய்யாமல் அவரை நோக்கிக் கையை நீட்டியபடியே இருக்க வேண்டும், ஏனென்றால் சின்ன அலையிலும் ஒரு தலை சட்டென்று காணாமல் போகும். காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்கொண்டு மெதுவாக நெருங்கி, பக்கத்தில் வந்ததும் எஞ்சினை முழுதாக நிறுத்திவிடுங்கள். அவரைக் காப்பாற்ற இன்னொருவரும் குதிக்க வேண்டாம்.

தனியாகப் போகிறவருக்கு ஒன்று. எஞ்சின் நின்றாலும் காற்று காலிப் படகைத் தள்ளிக்கொண்டு போகும், சில நேரம் நீங்கள் நீந்துவதைவிட வேகமாக. எட்டாது என்று தெரிந்தால் துரத்திக் களைத்துவிடாமல் மிதந்திருந்து உதவி கேட்க வேண்டும். அதற்கு விசிலும், தண்ணீர் புகாத உறையில் போனும் உங்கள் உடலில் இருக்க வேண்டும், படகின் பெட்டியில் அல்ல. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது கரையில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.