பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊளைச் சத்தம்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளைச் சத்தம். கியர்பாக்ஸை இறக்கிவிடலாம் என்றார் மெக்கானிக். எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை நிறுத்தி, பார்க், நியூட்ரல் இரண்டிலும் எஞ்சினை முடுக்கினேன். அங்கேயும் சத்தம் ஏறியது. ஓடும்போது ஒரு கியரில் மட்டும் வந்தால் பல்சக்கரங்களைச் சந்தேகிக்கலாம். நின்றபடியே ஏறினால், எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும் கியர்பாக்ஸ் ஆயில் பம்பு பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சூடான எஞ்சின் ஓடும்போதே கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தேன். அளவு சரி, ஆனால் ஆயிலில் நுரை. சரி, பம்பு எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றியதும், உலோகத் தூளைப் பிடிக்க அதில் இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை மட்டும். அது வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகள் கிடந்திருந்தால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆயில் ஃபில்டரின் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்தான் இறுகி வெடித்திருந்தது. புது ஃபில்டர், ஓ-ரிங், கேஸ்கெட், அப்புறம் கையேட்டில் சொன்ன அதே ரக ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) போட்டேன். சத்தம் போய்விட்டது.